இரவுச் சண்டையில் எதிரி தெரியவில்லையா? டேங்க் கேம்களில் நைட் விஷன் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இரவு மேப் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் காமா ஸ்லைடரில்தான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். காமாவை ஏற்றினால் இருட்டு சாம்பலாக மாறும். எதிரி டேங்கும் அதே சாம்பலில் கரைந்துபோகும். எந்த டேங்க், எந்த இருக்கை, எந்த வகைக் கருவி, அந்தக் கருவிக்கு என்ன வெளிச்சம் வேண்டும் என்று வரிசையாகப் பார்த்து வந்தால், காமா வரை போக வேண்டிய தேவை பல நேரம் வராது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒன்று தெளிவாக வேண்டும். 'நைட் விஷன்' என்று பொதுவாகச் சொல்வது மூன்று வெவ்வேறு கருவிகளை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

முதலாவது, அகச்சிவப்பு விளக்கோடு வரும் சைட் (குறிபார்க்கும் கருவி). விளக்கு வீசும் ஒளி ஏறக்குறைய 0.8 முதல் 1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. போய்ப் பட்டுத் திரும்பி வருவதை சைட் பச்சைப் படமாக்கிக் காட்டும். டி-55, டி-62 எல்லாம் இந்த ரகம். விளக்கு அணைந்தால் படம் இல்லை.

இரண்டாவது, ஒளிபெருக்கி. நிலா, நட்சத்திரம், தூரத்து நெருப்பு என்று ஏற்கனவே இருக்கும் துளி வெளிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும். விளக்கு இல்லாமல் ஓடும். ஆனால் வெளிச்சமே இல்லாத இடத்தில் பெருக்குவதற்கும் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, தெர்மல். இதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிரை, பெரும்பாலும் 8–12 மைக்ரோமீட்டர் பட்டையில், படமாக்குகிறது. எம்60ஏ3 டிடிஎஸ், எம்1 ஆப்ரம்ஸ், லெப்பர்ட் 2 ஆகியவை இதைக் கொண்டு வந்தவை.

உங்கள் டேங்கில் இவற்றில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கீழே உள்ளதில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

அறிகுறி: விசையை அழுத்தினால் ஒன்றுமே மாறவில்லை

டேங்கில் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார் தண்டர் கேமில் நைட் விஷன் 2019 மார்ச்சில், 1.87 அப்டேட்டோடு வந்தது. வாகன அட்டையில் கன்னர் (பீரங்கி சுடுபவர்), கமாண்டர், டிரைவர் மூவருக்கும் தனித்தனியாக என்ன கருவி என்று போட்டிருப்பார்கள். அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "என் டேங்கில் நைட் விஷன் இருக்கிறது" என்று முடிவுகட்டுவதுதான் தவறு தொடங்கும் இடம். கமாண்டருக்கு மட்டும் கருவி இருக்கும், கன்னர் சைட்டில் இருட்டுதான். இன்னொன்று, பல வாகனங்களில் இது ஆராய்ச்சி செய்து வாங்கிப் பொருத்த வேண்டிய மாடிஃபிகேஷன். புதிதாக வாங்கிய டேங்கை எடுத்துக்கொண்டு நேரே இரவுச் சண்டைக்குப் போனால் விசை செத்துத்தான் கிடக்கும்.

அடுத்து, எந்தப் பார்வையில் அழுத்துகிறீர்கள்? வார் தண்டரில் டேங்குக்கு வெளியே நின்று பார்க்கும் மூன்றாம் நபர் பார்வை டிரைவரின் கருவியைப் பயன்படுத்துகிறது. சைட்டுக்குள் போனால் கன்னரின் கருவி. ஆகவே வெளியே பச்சையாகத் தெரிந்து, சைட்டுக்குள் போனதும் கறுப்பாகிவிட்டால் அது பிழை அல்ல. கன்னருக்குக் கருவி இல்லை என்று பொருள். நிஜ டி-55-லும் கன்னருக்கு டிபிஎன்-1, கமாண்டருக்கு டிகேஎன்-1, டிரைவருக்கு டிவிஎன்-2 என்று மூன்றும் மூன்று கருவிகள்.

விசை ஒதுக்கீட்டில் ஒரு பொறி இருக்கிறது. வார் தண்டரின் கன்ட்ரோல் பக்கம் விமானம், டேங்க், ஹெலிகாப்டர், கப்பல் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கும். ஹெலிகாப்டர் பக்கத்தில் கொடுத்த விசை டேங்கில் ஓடாது. டேங்க் பக்கத்தைத் திறந்து விசை இருக்கிறதா, அதே விசை வேறு வேலைக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்க உண்மையான சண்டைக்குப் போகத் தேவையில்லை. கஸ்டம் பேட்டிலில் நேரத்தை இரவு என்று வைத்துக்கொண்டு தனியாக இறங்குங்கள்.

ஆர்மா 3-இல் 'என்' விசை. டேங்கின் கன்னர் சைட்டில் இருந்தால் அந்த வாகனத்தில் உள்ள நைட் விஷன், தெர்மல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் காட்டும். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் சிப்பாயின் உடைமையில் நைட் விஷன் கண்ணாடி இருக்க வேண்டும். இல்லையென்றால் விசை எதுவும் செய்யாது. மிஷன் எழுதியவர் தெர்மலையோ நைட் விஷனையோ வாகனவாரியாக முடக்கி வைக்கவும் வழி உண்டு. ஒரே டேங்க் ஒரு சர்வரில் தெர்மல் காட்டி, இன்னொன்றில் காட்டாவிட்டால் காரணம் அதுதான்.

சிமுலேட்டர் ரகக் கேம்களில் இன்னொரு குழப்பம் வரும். டி-72-இல் பகல் சைட்டும் இரவு சைட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தனிக் கருவிகள். பகல் சைட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நைட் விஷனைத் தேடினால் கிடைக்காது. இரவு சைட்டுக்கு மாற வேண்டும். சரியாக மாறினீர்களா என்பதை உருப்பெருக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். பகல் சைட் 8 மடங்கு, பழைய டிபிஎன்-1 இரவு சைட் 5.5 மடங்கு, பார்வைக் கோணம் 6 டிகிரி. ரெட்டிகிள் கோடுகளும் (சைட்டுக்குள் தெரியும் குறிக்கோடுகள்) வேறாக இருக்கும்.

அறிகுறி: நைட் விஷன் போடுவதற்கு முன்பே திரை முழுக்கக் கறுப்பு; அல்லது இரவு முழுக்கப் பனிமூட்டம் போல வெளுத்திருக்கிறது

இவை ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். கிராபிக்ஸ் கார்டு அனுப்பும் வண்ண வரம்பும் திரை எதிர்பார்க்கும் வரம்பும் பொருந்தவில்லை. முழு வரம்பில் கறுப்பு 0, வெள்ளை 255. குறுகிய வரம்பில் கறுப்பு 16, வெள்ளை 235. கார்டு முழு வரம்பை அனுப்பி, திரை குறுகியதை எதிர்பார்த்தால் 0 முதல் 16 வரை உள்ள அத்தனையும் ஒரே கறுப்பாக நசுங்கிப்போகும். இரவு மேப்பின் நிழல்கள், புதர்கள், டேங்கின் அடிப்பகுதி எல்லாம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. எதிர்த்திசையில் பொருந்தாவிட்டால், அதாவது கார்டு குறுகியதை அனுப்பி, திரை முழுவதை எதிர்பார்த்தால், கறுப்பே வராமல் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும்.

எச்டிஎம்ஐ வழியாக டிவியில் விளையாடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தில் வெளியீட்டு வரம்பு இருக்கிறது. ஏஎம்டி-யில் பிக்சல் வடிவம் என்ற இடம். டிவியில் 'பிளாக் லெவல்' அல்லது எச்டிஎம்ஐ வரம்பு என்று இருக்கும். இரண்டு பக்கமும் முழுவதாக வையுங்கள். டிவியில் அது இல்லையென்றால் இரண்டு பக்கமும் குறுகியதாக வையுங்கள். எது என்பது முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி: ஏதாவது ஒரு பட எடிட்டரில் முழுக் கறுப்புப் பின்னணி போட்டு, அதன் மேல் 2, 4, 6, 8 என்று 20 வரை மதிப்புள்ள சாம்பல் கட்டங்களை வரிசையாக வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு முழுத்திரையில் பாருங்கள். 4 அல்லது 6-லிருந்தே கட்டத்தின் விளிம்பு தெரிய வேண்டும். 16-க்குக் கீழே எதுவுமே தெரியவில்லை என்றால் மேலே சொன்ன வரம்புக் கோளாறுதான், சந்தேகமே வேண்டாம். 10, 12 வரை தெரியாமல் அதற்கு மேல் தெரிந்தால் மானிட்டரின் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் அமைப்பைப் பாருங்கள்.

வரம்பு சரியான பிறகு மானிட்டரின் சொந்த வேலைகளை நிறுத்துங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சேமிப்பு முறை இரண்டும் திரை மொத்தமும் இருட்டாக இருக்கும்போது பின்விளக்கை இன்னும் இறக்கிவிடும். இரவு மேப்பில் அது அடி மேல் அடி. இயங்குதளத்தின் நீல ஒளி வடிகட்டியையும் அணையுங்கள். வெள்ளைத் தெர்மல் படத்தை அது ஆரஞ்சாக்கி, மங்கலான இரண்டு சாம்பல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத் தின்றுவிடும். எச்டிஆர் போட்டிருந்தால், கேம் எச்டிஆரை உண்மையிலேயே ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரிக்காத கேமை எச்டிஆர் திரையில் ஓட்டினால் நிழல் பகுதிகள் வெளுத்துப்போவது வழக்கம். அணைத்துவிட்டு ஓட்டுவது நல்லது.

கேமிங் மானிட்டர்களில் கறுப்பை மட்டும் தூக்கிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. கேமின் காமாவை விட இது மேல், ஏனென்றால் நடுச் சாம்பலையும் வெள்ளையையும் பெரிதாகத் தொடாது. ஒன்றிரண்டு படி போதும்.

விஏ பேனல் (ஒரு வகை எல்சிடி திரை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற விஏ பேனல் மெதுவாக வேலை செய்யும். சைட்டை வேகமாகத் திருப்பும்போது புதர்கள் கறுப்பு வால் இழுத்துக்கொண்டு வருவது அதனால்தான். கேமில் எதைக் குறைத்தாலும் போகாது. பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை மானிட்டரில் ஒரு படி ஏற்றலாம், சைட்டை மெதுவாகத் திருப்பலாம். வேறு வைத்தியம் இல்லை.

அறிகுறி: பச்சைப் படம் வருகிறது, ஆனால் புள்ளி புள்ளியாக இரைகிறது, 300 மீட்டருக்கு அப்பால் ஒன்றுமில்லை

உங்களிடம் இருப்பது விளக்கு ரகமா, ஒளிபெருக்கி ரகமா என்று பாருங்கள். விளக்கு ரகமாக இருந்தால் விளக்கு எரிகிறதா? சைட்டைப் போடும் விசையும் விளக்கைப் போடும் விசையும் வேறு வேறாக இருக்கலாம். விளக்கு எரிந்தும் தூரம் வரவில்லை என்றால், அது எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். டி-55, டி-62-இல் கன்னரின் லூனா விளக்கு பீரங்கியோடு சேர்ந்து திரும்பும். கமாண்டரின் விளக்கு சிறியது, கமாண்டர் பார்க்கும் திசைக்குத் திரும்பும். கமாண்டர் சைட்டில் இருந்துகொண்டு லூனாவின் வெளிச்சத்தைத் தேடினால் கிடைக்காது, பீரங்கி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். லூனாவும் டிபிஎன்-1-உம் சேர்ந்தால் நிஜத்திலேயே டேங்கை அடையாளம் காணும் தூரம் 800 மீட்டர் அளவில்தான். 1,500 மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கேம் சரியாகவே நடந்துகொள்கிறது.

ஒளிபெருக்கியாக இருந்தால் மேப்பில் நிலா இருக்கிறதா என்று பாருங்கள். நிலா எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நிலாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் எதிரியின் முகப்பு ஒளிரும்; நிலாவை எதிரில் வைத்தால் எதிரி வெறும் நிழலுருவம், அதுவும் வானத்தின் விளிம்பில் நின்றால் மட்டும். காட்டோரம், கட்டிடத்தின் நிழல் போன்ற இடங்களில் எதிரி நின்றால் ஒளிபெருக்கி கைவிட்டுவிடும். அத்தகைய இடத்தைக் கண்காணிக்க வேண்டுமானால் உங்கள் இடத்தை மாற்றுங்கள், செட்டிங்கை அல்ல.

இரைச்சல் என்பது கேம் வேண்டுமென்றே சேர்ப்பது. ஷார்ப்பனிங்கை ஏற்றியிருந்தால் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கூர்மையாகி, மங்கலான டேங்கின் விளிம்பை மறைத்துவிடும். ஷார்ப்பனிங்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். ஃபிலிம் கிரெய்ன் தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு, சைட்டை ஒரே இடத்தில் 2, 3 விநாடி அசையாமல் நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறும், டேங்க் மாறாது. கண் தானாகவே வித்தியாசத்தைப் பிடிக்கும். ஓயாமல் சைட்டை ஆட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

அறிகுறி: திரை பளீரென்று வெளுத்துப்போகிறது

பெரும்பாலும் உங்கள் விளக்கே உங்களைக் குருடாக்குகிறது. முன்னால் 5 மீட்டரில் ஒரு புதர், புகை, மழை, புழுதி எது இருந்தாலும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டு நேரே சைட்டுக்குத் திரும்பி வரும். சைட்டின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு அதற்கேற்ப இறங்கும். பின்னால் இருப்பதெல்லாம் கறுப்பாகும். விளக்கை அணைத்தால் படம் மேம்பட்டால் நோய் இதுதான். புதரைத் தாண்டி அரை டேங்க் நீளம் முன்னே வாருங்கள், அல்லது பக்கவாட்டில் நகருங்கள்.

எரியும் டேங்க் பார்வைக்குள் இருந்தாலும் இதே கதை. ஒளிபெருக்கியில் நெருப்பைச் சுற்றி ஒளிவட்டம் விரியும், அதற்குப் பக்கத்தில் நிற்பவன் மறைந்துவிடுவான். நெருப்பைப் பார்வை வட்டத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளுங்கள், அல்லது ஜூமைக் கூட்டி அதை வெளியேற்றுங்கள். இதையே திருப்பியும் போடலாம்: எரியும் சிதைவுக்கு ஒட்டினாற்போல நின்றால், ஒளிபெருக்கி வைத்திருக்கும் எதிரிக்கு நீங்கள் தெரிவது கடினம்.

உங்கள் பீரங்கி வெடித்த அடுத்த நொடி படம் போய்விட்டுத் திரும்ப வந்தால் அது கோளாறு இல்லை. விடியற்காலை தொடங்கிய சண்டையில் நேரம் போகப்போகப் படம் வெளுத்துக்கொண்டே வந்தால் பகல் சைட்டுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி: விளக்கைப் போட்ட சில விநாடிகளில் அடி விழுகிறது

அகச்சிவப்பு விளக்கு வெறும் கண்ணுக்குத்தான் தெரியாது. நைட் விஷன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது இருட்டில் எரியும் ஹெட்லைட். அவர்களுக்கு உங்களைத் தேடக்கூட வேண்டாம், ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். நீங்கள் 800 மீட்டர் வரை பார்க்கும் அதே விளக்கு அதைப்போலப் பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும், ஏனென்றால் உங்களுக்கு ஒளி போய்த் திரும்பி வர வேண்டும், எதிரிக்கு ஒருவழிப் பயணம் போதும்.

ஆகவே விளக்கு ரக டேங்கில் இருப்பவர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இப்படி: முதலில் விளக்கு அணைந்த நிலையில் சைட்டைப் போட்டு எதிரி விளக்கு ஏதாவது எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அதுவே உங்கள் குறி, உங்கள் விளக்கு தேவையில்லை. எரியவில்லை என்றால் பீரங்கியைச் சந்தேகமான இடத்துக்கு முன்கூட்டியே திருப்பி, ஷெல் ஏற்றி, மறைவிலிருந்து மேலே வந்து, விளக்கை இரண்டு மூன்று விநாடி மட்டும் போடுங்கள். சுட்டதும் அணைத்து, பின்வாங்கி, இடம் மாறுங்கள். ஒரு குழுவாக விளையாடினால் இன்னும் நல்ல வழி உண்டு: ஒருவர் விளக்கைப் போட, மற்றவர்கள் விளக்கின்றிச் சுடலாம். விளக்குப் போடுகிறவர் குழுவிலிருந்து 100 மீட்டராவது பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும்; பக்கத்திலேயே நின்றால் அவருக்கு வரும் ஷெல் தவறி உங்களுக்கு விழும்.

எதிரியிடம் தெர்மல் இருந்தால் இதெல்லாம் பாதிதான் பயன்படும். விளக்கை அணைத்தாலும் எஞ்சின் சூடு தெரியும். அப்போது ஒரே வழி, தூரத்தைக் குறைப்பது. 1985-ஆம் ஆண்டு ஜெர்மனியைக் களமாகக் கொண்ட 'கன்னர், ஹீட், பிசி!' கேமில் எம்60ஏ3 டிடிஎஸ்-க்கு எதிராக டி-55 ஓட்டினால் இந்தப் பாடம் ஒரே மிஷனில் புரிந்துவிடும். திறந்த வெளியில் போட்டி இல்லை. மேடு பள்ளம், ஊர், காடு வழியாக நெருங்கினால் போட்டி உண்டு.

அறிகுறி: தெர்மல் படம் ஒரே சாம்பல் கஞ்சி, டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை

முதல் சோதனை, துருவத்தை மாற்றுவது. சூடானது வெள்ளையாகத் தெரியும் முறையிலிருந்து சூடானது கறுப்பாகத் தெரியும் முறைக்கு மாறுங்கள். வெள்ளை முறை தேடுவதற்கு நல்லது: இருண்ட பின்னணியில் ஒரு வெண்புள்ளி உடனே கண்ணில் குத்தும். கறுப்பு முறை அடையாளம் காண நல்லது: பின்னணி பகல் படம் போலத் தெரியும், சக்கரம், கோபுரம் எல்லாம் பிரிந்து வரும். இரண்டில் ஒன்றையே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பின்னணியும் டேங்கும் ஒரே சூட்டில் இருந்தால் எந்தத் தெர்மலும் காட்டாது. வெயிலில் சுட்ட பாறையும் மணலும் சூரியன் மறைந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். டேங்கின் இரும்பு வேறு வேகத்தில் குளிரும். அந்தி, விடியல் நேரங்களில் இரண்டின் சூடும் ஒன்றையொன்று கடந்து போகும் ஒரு சமயம் உண்டு. நாளின் நேரத்துக்கேற்ப சூட்டைக் கணக்கிடும் கேம்களில் அந்தச் சமயத்தில் ஒளிபெருக்கியோ பகல் சைட்டோ தெர்மலை விட நன்றாக இருக்கும்.

எஞ்சின் அணைத்து நிற்கும் டேங்க் இன்னொரு காரணம். ஆர்மா 3-இல் எஞ்சின், ஓடும் சக்கரங்கள், சுட்ட ஆயுதம் ஆகியவை தனித்தனியாகச் சூடேறித் தனித்தனியாக ஆறும். எஞ்சினை அணைத்து நெடுநேரம் நின்ற டேங்க் மங்கிப்போயிருக்கும். ஒரு ஷெல் சுட்டதும் பீரங்கிக் குழல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். பதுங்கிய டேங்கைத் தேடுகையில் டேங்க் வடிவத்தைத் தேடாதீர்கள். தரைக்கு மேலே கிடைமட்டமாக ஒரு மெல்லிய கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேமில் கெய்ன் (சூட்டு வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டுவது), லெவல் (படத்தின் மொத்த வெளிச்சம்) கட்டுப்பாடு இருந்தால் இரண்டையும் இந்த வரிசையில் வையுங்கள்: முதலில் லெவலை, தரை அடர் சாம்பலாக வரும்வரை, பிறகு கெய்னை, தரையில் இரைச்சல் தலைகாட்டும்வரை ஏற்றி, ஒரு படி இறக்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுத்துக்கொண்டே போகும்.

அறிகுறி: வெள்ளைப் பொட்டு தெரிகிறது, நண்பனா எதிரியா என்று தெரியவில்லை

இது பிழை அல்ல, பிக்சல் பற்றாக்குறை. வார் தண்டரில் முதல் தலைமுறைத் தெர்மலின் தெளிவு 500×300, இரண்டாம் தலைமுறை 800×600, மூன்றாம் தலைமுறை 1200×800. உங்கள் மானிட்டர் எவ்வளவு பெரிதானாலும் படம் அந்த அளவில்தான் தயாராகி, பிறகு இழுத்து விரிக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சைட்டின் பார்வைக் கோணம் 6 டிகிரி என்று கொள்வோம், அதாவது ஏறக்குறைய 105 மில்லிரேடியன். 500 பிக்சலில் பங்கிட்டால் ஒரு பிக்சலுக்கு 0.21 மில்லிரேடியன். 2,000 மீட்டரில் ஒரு பிக்சல் 42 செ.மீ. அகலத்தை விழுங்குகிறது. 3.5 மீட்டர் அகல டேங்க் முன்பக்கமாக நின்றால் மொத்தம் 8 பிக்சல். அதே இடத்தில் மூன்றாம் தலைமுறை 20 பிக்சல் தரும். 8 பிக்சலில் "ஏதோ வாகனம்" என்று சொல்லலாம். என்ன வாகனம் என்று சொல்ல முடியாது. கிராபிக்ஸ் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் இந்த 8 பிக்சல் 9 ஆகாது. ஜூமைக் கூட்டுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

பக்கவாட்டில் தெரிந்தால் சக்கரங்களை எண்ணுங்கள். ஓடும் டேங்கில் உராய்வால் சூடாவது சக்கரங்கள்தான், தெர்மலில் தெளிவாகத் தெரிவதும் அவைதான். டி-55, டி-62-க்கு ஐந்து. அதிலும் டி-55-இல் முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி, டி-62-இல் பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவே. டி-72-க்கும் எம்60-க்கும் ஆறு. ஆப்ரம்ஸ், லெப்பர்ட் 1, லெப்பர்ட் 2-க்கு ஏழு. புகைபோக்கியும் காட்டிக்கொடுக்கும்: டி-55, டி-62, டி-72-இல் அது உடலின் இடப்பக்கம், டி-64, டி-80-இல் பின்புறம், ஆப்ரம்ஸின் சூடான பின்முகமோ தவறவே தவறாது. இடப்பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல் தெரிந்தால் சோவியத் வடிவமைப்பு என்று நம்பலாம். பெயர்ப்பலகை காட்டாத சிமுலேட்டர் முறைகளில் இதைப் பழகாமல் விசையில் விரலை வைக்காதீர்கள்.

அறிகுறி: எதிரி நன்றாகத் தெரிகிறான், ஷெல் மட்டும் முன்னாலோ மேலேயோ விழுகிறது

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் பல டேங்குகளில் பகல் சைட்டோடு இணைந்தது. டி-72-இல் இரவு சைட்டுக்கு மாறியதும் அந்தத் தூரம் தானாக வராது. ரெட்டிகிளில் நீங்களே பிடிக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் மதிக்கும்போது இரவு ஏமாற்றும். ஒளிபெருக்கியிலும் தெர்மலிலும் பிரகாசமான பொருள் விளிம்பு கசிந்து சற்றுப் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிந்தால் அருகில் என்று மதிப்பீர்கள், ஷெல் குட்டையாக விழும். "இரவில் என் ஷெல் எப்போதும் முன்னாலேயே விழுகிறது" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பிசகு எவ்வளவு பாதிக்கும் என்பது ஷெல்லைப் பொறுத்தது. எதிரி 1,200 மீட்டரில் இருக்க, 1,000 என்று பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சராசரியாக விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகும் ஹீட் ஷெல் (பட்டதும் வெடித்துக் கவசத்தைத் துளைக்கும் வகை) ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கீழே விழும்; டேங்கின் அடியில் மண்ணைக் கிளறும். விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு ஷெல் (வெடிக்காமல் வேகத்தாலேயே துளைக்கும் வகை) அரை மீட்டர்தான் இறங்கும், குறி நடுவில் இருந்தால் எப்படியும் படும். ஆகவே இரவில் தூரம் உறுதியாகத் தெரியாதபோது அம்பு ஷெல்லையே ஏற்றி வையுங்கள். முதல் ஷெல் எங்கே விழுந்தது என்று டிரேசரை (ஷெல்லின் பின்னால் எரியும் ஒளி) பார்த்துத் திருத்துங்கள்.

ஓடும் குறிக்கு முன்னோக்குத் தள்ளலையும் மறக்க வேண்டாம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 1,000 மீட்டரில் அம்பு ஷெல்லுக்கே ஏறக்குறைய 6.7 மீட்டர், அதாவது ஒரு டேங்க் நீளம் முன்னால் பிடிக்க வேண்டும்.

சைட்டும் பீரங்கியும் ஒரே கோட்டில் இல்லை என்பதைக் கணக்கிடும் கேம்களில் அருகிலும் பிசகும். சைட் 50 செ.மீ. பக்கத்தில் இருந்து, 1,000 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால், 200 மீட்டரில் ஷெல் 40 செ.மீ. தள்ளிப் படும். முழு டேங்குக்கு இது பொருட்டில்லை. சுவர் இடுக்கு வழியாகச் சுடும்போது சைட்டுக்கு வழி தெரியும், ஷெல் சுவரில் வெடிக்கும்.

தெர்மலில் மட்டும் வரும் இன்னொரு பொறி: மெல்லிய வேலி, கம்பி, குளிர்ந்த கிளைகள் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். வழி திறந்திருக்கிறது என்று நம்பி ஹீட் ஷெல்லைச் சுட்டால் அது கிளையில் பட்டே வெடிக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு நொடி வேறு சைட்டுக்கு மாறிப் பாருங்கள்.

அறிகுறி: புகை போட்டும் எதிரி சுடுகிறான்

சாதாரணப் புகை கண்ணையும் ஒளிபெருக்கியையும் மறைக்கும், தெர்மலைப் பெரிதாக மறைக்காது. தெர்மலையும் மறைக்கும் பல்பட்டைப் புகை வேறு. உங்கள் குண்டு எந்த வகை என்று வாகன அட்டையில் பார்க்க முடிந்தால் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மண்மேட்டின் பின்னால் போங்கள். மண்ணைத் துளைத்துப் பார்க்கும் தெர்மல் எந்தக் கேமிலும் இல்லை.

அறிகுறி: சைட்டைப் போட்டதும் எஃப்பிஎஸ் சரிகிறது, அல்லது குறிக்குப் பின்னால் பேய் நிழல் வருகிறது

சில கேம்கள் சைட்டின் படத்தைத் தனியாக ஒருமுறை வரைகின்றன. நிழல் தரத்தையும் புல் தூரத்தையும் ஒரு படி இறக்கினால் போதும். பேய் நிழலுக்குக் காரணம் முந்தைய பிரேம்களைக் கலக்கும் டிஏஏ, டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை. மங்கலான குறியும் மாறிக்கொண்டேயிருக்கும் இரைச்சலும் சேர்ந்தால் அவை குழம்பிப்போகும். அப்ஸ்கேலிங்கை அணைத்தோ, தர முறைக்கு மாற்றியோ ஒரே மேப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையில் நன்றாகத் தெரிந்தது பதிவு செய்த வீடியோவில் கட்டம் கட்டமாக உடைந்திருந்தால் கேமைத் தொட வேண்டாம். இருண்ட பகுதிகளும் இரைச்சலும் வீடியோ சுருக்கத்துக்கு மிகக் கடினமானவை. பகலுக்குப் போதுமான பிட்ரேட் இரவுக்குப் போதாது. பதிவின் பிட்ரேட்டை ஏற்றுங்கள், முடிந்தால் 10 பிட் பதிவுக்கு மாறுங்கள். நேரலையில் பிட்ரேட்டுக்கு மேல்வரம்பு இருந்தால் கேமின் ஃபிலிம் கிரெய்னை அணைத்துவிட்டு, 1080-க்குப் பதில் 720-இல் அனுப்புங்கள். அதே பிட்ரேட் குறைந்த பிக்சல்களுக்குப் பங்காகும்போது இருட்டு உடையாமல் போய்ச் சேரும்.